மியூனிக்குக்கும் ரியாத்துக்கும் நடுவே ஒரு பெங்களூரு மேசை

மேலை நாடுகளுக்கும் முஸ்லிம் சமூகங்களுக்கும் இடையே பேச்சை வளர்க்க இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஃபெல்லோஷிப்புகள் உலகில் பல உண்டு. அவற்றில் பெயர் பெற்றது, ஐக்கிய நாடுகள் சபையின் ‘நாகரிகங்களின் கூட்டணி’ என்ற அமைப்பு 2010இல் தொடங்கிய ஃபெல்லோஷிப். 25 முதல் 35 வயதுக்குள், ஏதாவது ஒரு துறையில் ஏற்கெனவே கால் ஊன்றியவர்களாக இருக்க வேண்டும். பத்திரிகையாளர், வழக்கறிஞர், ஆசிரியர், தொண்டு நிறுவன ஊழியர் என்று யாராகவும் இருக்கலாம். ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு குழு அரபு நாடுகளுக்குப் போகும். மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இன்னொரு குழு எதிர்த்திசையில் பயணப்படும். இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வாணியம்பாடியில் பிறந்து பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டார்: “இதுல நான் எந்தப் பக்கம் அண்ணா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இந்தத் திட்டங்கள் எங்கிருந்து முளைத்தன என்று கொஞ்சம் பின்னே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1993இல் அமெரிக்க அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் ஒரு கட்டுரை எழுதினார். பனிப்போர் முடிந்துவிட்டது, இனி உலகில் மோதல் கொள்கைகளுக்கு இடையே நடக்காது, நாகரிகங்களுக்கு இடையேதான் நடக்கும் என்பது அவர் வாதம். அதற்கு எதிர்வாதமாக அன்றைய ஈரான் அதிபர் முகமது கத்தாமி ‘நாகரிகங்களுக்கு இடையே உரையாடல்’ என்ற யோசனையை ஐ.நா.வில் வைத்தார். 1998இல் பொதுச்சபை அதை ஏற்று, 2001ஆம் ஆண்டை உரையாடல் ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்து ஸ்பெயின் பிரதமரான ஸபதேரோ அதே ஆண்டு ஐ.நா.வில் இந்த ‘நாகரிகங்களின் கூட்டணி’யை முன்மொழிந்தார். துருக்கியும் சேர்ந்துகொண்டது. 2005இல் கோஃபி அன்னான் அதைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு டென்மார்க் நாளிதழ் ஒன்றில் நபிகள் நாயகத்தைப் பற்றிய கேலிச்சித்திரங்கள் வெளியாகி, சில மாதங்களில் பல நாடுகளில் கலவரமானது.

கூட்டணிக்கு அமைத்த உயர்நிலைக் குழுவில் கத்தாமி, டெஸ்மண்ட் டுட்டு, கேரன் ஆம்ஸ்ட்ராங் எல்லாம் இருந்தார்கள். 2006 நவம்பரில் இஸ்தான்புல்லில் வெளியிட்ட அறிக்கையில் அவர்கள் சொன்ன முக்கியமான செய்தியைப் பின்னால் வந்த பலர் வசதியாக மறந்துவிட்டார்கள். பிளவுக்கு வேர் மதத்திலோ பண்பாட்டிலோ இல்லை, அரசியலில் இருக்கிறது, அதிலும் பாலஸ்தீனப் பிரச்சினை ஆழமான காயமாக இருக்கிறது என்று அறிக்கை வெளிப்படையாகவே சொன்னது. வேலை செய்ய வேண்டிய களங்களாகக் கல்வி, இளைஞர், குடிபெயர்வு, ஊடகம் என நான்கைச் சுட்டியது. அரசியல் காயத்தை ஆற்றுவது அரசுகளின் வேலை. அது நகரவில்லை. இளைஞர் என்ற களம்தான் எளிதாக நகர்ந்தது. இளைஞர்களை விமானத்தில் ஏற்றிவிடுவதற்குப் பாதுகாப்புச் சபையில் யாருடைய ஒப்புதலும் தேவையில்லையே.

சரி, ஏன் வேலைக்குப் போகும் இளைஞர்கள்? அதற்கு முன்பெல்லாம் சமய உரையாடல் என்றால் ஆலிம்கள் எனப்படும் இஸ்லாமிய மார்க்க அறிஞர்களும் பாதிரியார்களும் பேராசிரியர்களும் மேடையில் உட்காருவதுதான். 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் அந்த மரபின் உச்சம் என்று சொல்லலாம். நல்ல கடிதம்தான். ஆனால் கேலிச்சித்திர விவகாரத்தில் நெருப்பைப் பற்றவைத்தது ஒரு செய்தி அறையில் எடுத்த முடிவு. அந்த மேசையில் ஆலிமும் இல்லை, பாதிரியாரும் இல்லை. எந்தப் படத்தைப் போடுவது, யாரை வேலைக்கு எடுப்பது, எந்த மாணவனைச் சந்தேகிப்பது என்று தினசரி தீர்மானிப்பவர்கள் முப்பது வயதுக்காரர்கள். அவர்களைப் பிடித்தால் அடுத்த முப்பது ஆண்டுக்குப் பலன் இருக்கும் என்பது கணக்கு.

அமெரிக்காவும் இதே கணக்கைப் போட்டது. 2001 தாக்குதலுக்கு அடுத்த ஆண்டே, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்களை ஓராண்டு அமெரிக்கக் குடும்பங்களில் தங்கிப் படிக்கவைக்கும் கென்னடி-லூகர் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. 2003இல் சோலியா என்ற அமைப்பு, மாணவர்களைக் கணினித் திரை வழியே சந்திக்கவைக்க ஆரம்பித்தது. வீடியோ அழைப்பு வீட்டுக்கு வீடு வராத காலம் அது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு நம்பிக்கை இருக்கிறது: பழகினால் வெறுப்பு குறையும். நம் ஊர்ப் பழமொழி நேர் எதிராகப் பேசுகிறது. பழகப் பழகப் பாலும் புளிக்கும். இரண்டில் எது சரி என்று ஆராய்ச்சியாளர்கள் எழுபது ஆண்டுகளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 1954இல் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் சொன்னது, வெறுமனே பழகினால் போதாது என்பது. இரு தரப்புக்கும் சம அந்தஸ்து வேண்டும். பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். 2006இல் பெட்டிக்ரூ, ட்ராப் என்ற இருவர் 515 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது, ஆல்போர்ட் சொன்ன சூழல் அமைந்தால் இன்னும் அதிகமாகக் குறைக்கிறது என்றார்கள்.

பாட்டி சொன்ன பழமொழியும் பொய்யில்லை என்று காட்டிய ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. பொருளாதார ஆய்வாளர் மேட் லோ 2017இல் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் எட்டு கிரிக்கெட் லீக்குகளை நடத்தினார். ஆடவிடாமல் ஒப்பிடுவதற்காக மட்டும் வைத்துக்கொண்டவர்களையும் சேர்த்து 1,261 இளைஞர்கள். சிலருடைய அணியில் எல்லோரும் ஒரே சாதி, சிலருடைய அணியில் பல சாதி. யார் எந்த அணி என்பது குலுக்கல். வேறு சாதிக்காரனோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்கு வேறு சாதியில் நண்பர்கள் கூடினார்கள். எதிரணியில் மட்டும் சந்தித்துக்கொண்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. நட்பு சுருங்கவே செய்தது. மைதானம் ஒன்று, பந்தும் மட்டையும் ஒன்று. எந்தப் பக்கம் நின்று ஆடினாய் என்பதுதான் பாலைப் புளிக்கவைத்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். மேலை நாட்டவர் ஒரு பக்கம், முஸ்லிம்கள் ஒரு பக்கம் என்று உட்காரவைத்து, நடுவில் மைக்கை வைத்து, ‘உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கும் கருத்தரங்குகள் எந்த வகையைச் சேர்ந்தவை? அங்கே இருப்பவர்கள் எதிரணி. சேர்ந்து அடிக்க வேண்டிய ரன் எதுவும் கிடையாது.

சேர்ந்து ரன் அடிப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் அலுவலகம் போதும். வாடிக்கையாளர் மியூனிக்கில், அவருடைய மென்பொருளை நிறுவிப் பயன்படுத்தும் குழு ரியாத்தில், எழுதித் தரும் குழு பெங்களூருவில். 2025 மார்ச், ரம்ஜான் மாதம். வாராந்திரக் கூட்டத்தை ஜெர்மன் மேலாளர் வழக்கம்போல் தன் ஊர் நேரம் மாலை நான்கு மணிக்கு வைத்தார். அது ரியாத்தில் ஆறு மணி, சரியாக நோன்பு திறக்கும் நேரம். நமக்கு இரவு எட்டரை. போதாக்குறைக்கு ரம்ஜானில் சவூதியில் முஸ்லிம் ஊழியர்களுக்குத் தனியார் துறையிலும் நாளுக்கு ஆறு மணி நேரம்தான் வேலை. அந்த நேரத்தில் அலுவலகத்தில் யாரும் இருக்கப் போவதில்லை. ஜெர்மானியர் கோபப்படவில்லை, குழம்பினார். காலை பத்துக்கு மாற்றலாமா என்று கேட்டார். அது ரியாத்தில் நண்பகல் பன்னிரண்டு. பெங்களூரு மேசையிலிருந்த ஜூனியர் பையன் டீம் லீடிடம் மெல்லச் சொன்னான்: “அக்கா, பன்னெண்டும் வேணாம், லுஹர் தொழுகை நேரம். பதினொண்ணு வைக்கச் சொல்லுங்க, அவங்களுக்கு ஒரு மணி.” நமக்கு மூன்றரை. எல்லோருக்கும் தோதாக முடிந்தது.

வாரத்தில் எந்த நாள் என்பதும் இதே மாதிரிச் சிக்கல்தான். சவூதியில் வார விடுமுறை 2013 முதல் வெள்ளி, சனி. அமீரகமோ 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளிக்கிழமை பாதி நாள் வேலை வைத்துக்கொண்டது. ஜெர்மனியில் வெள்ளி மதியத்துக்கு மேல் ஆளைப் பிடிப்பது கஷ்டம். ஆக ரியாத்துக்கும் மியூனிக்குக்கும் பொதுவாகக் கிடைப்பது திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாள். இந்த நான்கு நாளுக்குள் வெளியீட்டுத் தேதியை அடக்க மூன்று ஊர்க்காரர்களும் ஒரே கேலண்டரைப் பார்த்துத் தலையைச் சொறிகிறார்கள். நடுவில் ஒரு நாள் மியூனிக்கிலிருந்து யாராவது “தண்ணி கூடக் குடிக்க மாட்டீங்களா?” என்று கேட்பார்கள். வருஷா வருஷம் யாராவது ஒருவர் கேட்டே தீர்வார். வேலையின் நடுவே வருவதால் அந்தக் கேள்வி யாருக்கும் உறுத்துவதில்லை. அதையே ஒரு கருத்தரங்கில் எழுந்து நின்று கேட்டிருந்தால் அறையே நெளிந்திருக்கும்.

இதை ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. மியூனிக் பணம் கொடுக்கிறது, நாம் வாங்குகிறோம். ஆல்போர்ட் சொன்ன சம அந்தஸ்து இதில் முழுசாக இல்லை. அந்தக் குறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த வாணியம்பாடிப் பெண்ணின் குடும்பத் தொழிலே சாட்சி.

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியின் தோல் தொழிலில் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக முன்னணியில் இருக்கின்றன. பதனிட்ட தோலும் பின்னாளில் காலணியும் ஐரோப்பாவுக்குப் போயின. 1989இல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்துக்குத் தடை போட்டது. 1990களின் நடுவில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. ஏற்றுமதிக்கு நின்ற சரக்கு தேங்கும் என்று பயந்த தொழிலதிபர்கள் என்ன செய்தார்கள்? சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓடினார்கள். மாற்று ரசாயனம் தேடினார்கள். ஜெர்மன் இறக்குமதியாளர்களோடு பரிசோதனைச் சான்றிதழ்களைப் பற்றி மாதக்கணக்கில் பேசினார்கள். தொழுகைக்கு நடுவே பேரம், பேரத்துக்கு நடுவே விருந்து. ஹண்டிங்டன் தன் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பாலாற்றங்கரையில் இது நடந்துகொண்டிருந்தது. இதற்கு யாரும் நாகரிக உரையாடல் என்று பெயர் வைக்கவில்லை.

இதில் கசப்பான பக்கமும் உண்டு. ஜெர்மனியின் தடை காப்பாற்றியது ஜெர்மனியில் செருப்புப் போடுகிறவரின் தோலை. அதே தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்துக்கொண்டிருந்ததைப் பற்றி இறக்குமதியாளர்கள் அன்று அதே வேகத்தில் கவலைப்படவில்லை. அதற்கு வேலூர்ப் பகுதி மக்கள் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. சேர்ந்து செய்யும் வேலையில் விதியை எழுதுகிறவர் ஒருவராகவே இருந்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வரலாம். அவர் எந்தப் பக்கம்?

உலகில் முஸ்லிம்கள் அதிகமாக வாழும் நான்கு நாடுகள் இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம். நான்கில் ஒன்றுகூட அரபு நாடு இல்லை. மேற்கு ஆசியாவும் வட ஆப்பிரிக்காவும் சேர்ந்தால் உலக முஸ்லிம்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. இந்தியாவில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் 17.2 கோடி. ஆனாலும் ‘முஸ்லிம் சமூகம்’ என்றதும் திட்டம் வகுப்பவர்களுக்குக் கெய்ரோவும் அம்மானும்தான் கண்ணில் படுகின்றன. காரணம் புரியாததல்ல, 2001க்குப் பிந்தைய மேலை நாட்டுப் பயமும் கவனமும் அங்கேதான் குவிந்தன. ‘முஸ்லிம் உலகம்’ என்று ஒன்றை ஒரே கட்டியாகப் பேசும் வழக்கமே 19ஆம் நூற்றாண்டில், ஐரோப்பியப் பேரரசுகளின் காலத்தில் உருவானது என்று வரலாற்றாசிரியர் ஜெமில் ஐதின் வாதிடுகிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது. காயல்பட்டினத்து மரைக்காயரையும் மொராக்கோ வழக்கறிஞரையும் ஒரே பெட்டியில் போடுவது, கும்பகோணத்துக்காரரையும் ஹெல்சின்கிக்காரரையும் ‘முஸ்லிமல்லாதவர்’ என்று ஒரே பெட்டியில் போடுவது போலத்தான். சொல்ல முடியும், சொல்லி எந்தப் பயனும் இல்லை.

பெட்டிப் பிரச்சினையைவிடப் பெரியது விசா. திட்டத்தின் கையேட்டில் இரு தரப்பும் சமம். தூதரக வரிசையில் அப்படி இல்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் மொராக்கோவுக்கு விசா இல்லாமலே போய் இறங்கலாம். மொராக்கோக்காரர் ஜெர்மனிக்கு வர வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அழைப்புக் கடிதம், திரும்பிப் போவேன் என்பதற்கு ஆதாரம் எல்லாம் வேண்டும். பெங்களூருக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, அமெரிக்க விசா நேர்காணலுக்குக் காலங்காலமாகச் சென்னை ரயில் ஏறியவர்கள். 2017 ஜனவரியில் அமெரிக்கா ஏழு முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளின் குடிமக்களுக்குக் கதவை அடைத்தபோது, அந்த நாட்டு இளைஞர்கள் அமெரிக்காவுக்கு வந்து உரையாடுவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

விசா எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு ஓர் இசைக்குழுவின் கதை இருக்கிறது. 1999இல் இசை நடத்துநர் டேனியல் பாரன்பாய்மும் பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீதும் இஸ்ரேலிய, அரபு இளைஞர்களைச் சேர்த்து ஜெர்மனியின் வைமாரில் ஓர் இசைக்குழுவை அமைத்தார்கள். வயலின் வாசிப்பவர்கள் ஒரு ஸ்டாண்டுக்கு இருவராக, ஒரே தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். வில்லை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதில் ஒத்துப்போகாவிட்டால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். ஆல்போர்ட் கேட்ட எல்லாமே அங்கே இருந்தன. 2005இல் அவர்கள் ரமல்லாவில் வாசிக்கப் புறப்பட்டபோது, எல்லா நாட்டு இளைஞர்களையும் அந்த ஊருக்குள் கொண்டுசேர்க்க ஸ்பெயின் அரசு அவர்களுக்கு ராஜதந்திரப் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு கச்சேரிக்கு இவ்வளவு.

விசா இல்லாத வழியாகத்தான் திரைவழிச் சந்திப்பு வளர்ந்தது. 2015இல் அமெரிக்கா, லிபியாவின் பெங்காஸியில் கொல்லப்பட்ட தன் தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸ் பெயரில் இதற்கென ஒரு முயற்சியைத் தொடங்கியது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியமும் எராஸ்மஸ் என்ற தன் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்குள் இதைச் சேர்த்தது. செலவு குறைவு, ஆள் அதிகம் சேர்க்கலாம். சேர்ந்து சாப்பிட முடியாது என்பது குறைதான்.

அப்புறம், பணம் எங்கிருந்து வருகிறது என்ற விஷயம். பிரிட்டனில் 2005 ஜூலை லண்டன் குண்டுவெடிப்பில் 52 பேர் இறந்தபின், சமூக உரையாடலுக்கான பணத்தில் ஒரு பகுதி ‘பிரிவென்ட்’ என்ற பயங்கரவாதத் தடுப்புத் திட்டத்தின் வழியே வந்தது. 2015இல் அது சட்டக் கடமையாகி, பள்ளி ஆசிரியர்களும் மருத்துவர்களும் சந்தேகத்துக்குரியவர்கள் யார் என்று கண்காணிக்க வேண்டும் என்றானது. உன்னோடு பேச வருகிறேன் என்பவர் உன்னைக் கண்காணிக்கவும் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் யார் மனம் திறப்பார்கள்? இந்த ஒரு தவறு, நல்ல எண்ணத்தோடு நடந்த பல கூட்டங்களையும் கறைபடுத்திவிட்டது என்று நினைக்கிறேன்.

சம மரியாதை என்றால் என்ன என்று பெங்களூருத் தமிழர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் வைத்த திருவள்ளுவர் சிலை, திறக்க எதிர்ப்பு கிளம்பியதால் மூடியபடியே நின்றது. அதே ஆண்டு இறுதியில் காவிரிக் கலவரத்தில் இங்கே தமிழர்கள் அடிபட்டார்கள். பிறகு எத்தனையோ நல்லெண்ண அறிக்கைகள் வந்தன, எதுவும் நடக்கவில்லை. 18 ஆண்டு கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை வைப்பது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் 2009 ஆகஸ்ட் 9 அன்று இங்கே திரை விலகியது. நான்கு நாள் கழித்து அங்கேயும் விலகியது. இரண்டு முதல்வர்களும் இரண்டு இடத்துக்கும் போனார்கள். நீ என் ஊருக்கு வா, நான் உன் ஊருக்கு வருகிறேன் என்பது இருவழியாக இருந்ததால்தான் அது நடந்தது. மேலை நாட்டு ஃபெல்லோக்கள் கெய்ரோவைச் சுற்றிப் பார்த்து வருவது எளிதாகவும், கெய்ரோ ஃபெல்லோக்களில் சிலருக்கு விசா கிடைக்காமலும் போனால், அது ஒருவழிச் சுற்றுலா.

இதில் பெங்களூருக்காரர்களுக்கு இன்றே திறந்திருக்கும் ஒரு வேலை உண்டு. சோலியா போன்ற அமைப்புகளின் திரைவழிக் குழுக்களில் அமெரிக்க, அரபு மாணவர்கள் ஒன்பது பத்துப் பேர் வாரம் இரண்டு மணி நேரம், எட்டு வாரம் பேசுவார்கள். அவர்களை நடத்திச் செல்ல, பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார். அவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒருவர் சொன்னதை மற்றவர் என்னவாகப் புரிந்துகொண்டார் என்று வெளியே எடுத்துக்காட்ட வேண்டும். யார் அதிகம் பேசுகிறார்கள், ஆங்கிலம் தடுமாறுவதால் யார் ஒதுங்குகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். இது மியூனிக், ரியாத் அழைப்புகளில் நம் டீம் லீடுகள் தினமும் பழகும் கலை. எந்தப் பெட்டியிலும் அடங்காததே இங்கே தகுதியாகிவிடுகிறது. நேரமும் ஒத்துவரும்: குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை பதினொன்று, கெய்ரோவில் மாலை ஆறு, நமக்கு இரவு ஒன்பதரை. சாப்பிட்டுவிட்டு உட்காரலாம்.

கடைசியாக ஒரு ஆய்வு. எனக்குத் தூக்கம் கெடுத்தது. அரசியல் ஆய்வாளர் சல்மா மூசா, ஐஎஸ் அமைப்பால் வீடிழந்த ஈராக் கிறிஸ்தவர்களுக்காகக் கால்பந்து லீக் நடத்தினார். சில அணிகளில் குலுக்கல் முறையில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். முடிவு 2020இல் வெளியானது. கலப்பு அணியில் ஆடிய கிறிஸ்தவர்கள், அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் மற்றவர்களைவிட அதிகமாகப் பெயர் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மோசூலில் ஓர் உணவகத்துக்குச் சலுகைச் சீட்டுக் கொடுத்தபோது, மற்றவர்களைவிட இவர்கள் அதிகமாகப் போகவில்லை. கூட ஆடிய முஸ்லிமைப் பிடித்தது. தெரியாத முஸ்லிமைப் பற்றிய பயம் அப்படியே இருந்தது.

பெங்களூருவிலும் நான் பார்ப்பது இதுதான். ரியாத் குழுவின் நோன்பு நேரத்தை மனப்பாடமாகச் சொல்லும் தமிழ் இன்ஜினியர், இருபது நிமிடத் தூரத்திலுள்ள மசூதி சாலையின் ரம்ஜான் கடைகளை எட்டிப் பார்த்திருக்க மாட்டார். அவர் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ‘வெஜிடேரியன் குடும்பம் மட்டும்’ என்று வாடகை விளம்பரம் வரும். அது யாரை விலக்குவதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். சைவம் சாப்பிடும் முஸ்லிம் வந்து கேட்டாலும் வீடு கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு டீம் லீட், தன் குழுவிலிருந்த முஸ்லிம் பையனுக்கு மூன்று வாரமாக வீடு அமையவில்லை என்று தெரிந்ததும், வீட்டு உரிமையாளர்களிடம் தானே பேச ஆரம்பித்தார். “என்கூட வேலை பாக்கற தம்பிங்க சார், நான் பொறுப்பு” என்று. நான்காவது உரிமையாளர் ஒப்புக்கொண்டார், இரண்டு மாத அட்வான்ஸ் கூடுதலாகக் கேட்டு. பையன் கொடுத்துவிட்டுக் குடியேறினான்.

அந்தக் கூடுதல் இரண்டு மாதம்தான் உரையாடல் திட்டங்கள் அளக்க வேண்டியது. இப்போது அவை எத்தனை நாட்டுக்காரர் வந்தார்கள், எத்தனை பேர் திருப்தி என்று டிக் அடித்தார்கள் என்பதை அளக்கின்றன. ஆறு மாதம் கழித்து உன் செய்தி அறையில் யாரை வேலைக்கு எடுத்தாய், உன் கட்டடத்தில் யாருக்கு வீடு கொடுக்கச் சொன்னாய் என்று கேட்டுப் பதிவு செய்வதற்குப் பெரிய செலவு ஆகாது. மூசா போருக்குப் பின் சிதைந்து கிடந்த ஊரிலேயே அதைச் செய்துவிட்டார்.